மூணுக்கும் நாலுக்கும் நடுவே

போன சித்திரையில் கட்டிய ஆம்பிளிஃபயர்.
பெட்டி, செத்துப்போன ஒரு யூபிஎஸ்ஸின் கூடு.
டிரான்ஸ்ஃபார்மர் அம்பத்தூரில்
சொல்லிச் சுற்றியது, நாலரைக் கிலோ.
மிச்சமெல்லாம் ரிச்சி தெருவில்
சனிக்கிழமை சனிக்கிழமையாக.

பாடத்தான் செய்தது.
எனக்குத்தான் போதவில்லை.

முதலில் பயாஸ்.
இருபத்தைந்து சுற்றுள்ள குட்டித் திருகை
மயிரிழை திருப்பினால்
மீட்டரில் பதினெட்டு மில்லிவோல்ட் நிற்கும்.
ராத்திரி பதினோரு மணிக்கு நின்றது
மறுநாள் கத்திரி வெயிலில் முப்பதைத் தாண்டி
ஹீட் சிங்க்கில் கை வைக்க முடியாது.
வெப்பம் பார்க்கும் டிரான்சிஸ்டரைப்
பலகையிலிருந்து பெயர்த்தெடுத்து
வெள்ளைப் பசை தடவி
சூடு பிறக்கும் இடத்திலேயே உட்காரவைத்தேன்.
அதற்கப்புறம் பேச்சைக் கேட்டது.

பிறகு உறுமல்.
எர்த் கம்பிகள் ஆளுக்கொரு திசையில் ஓடின.
எல்லாவற்றையும் இழுத்து வந்து
ஒரே திருகில் கட்டினேன்.
உறுமல் போயிற்று.

அதன் அடியில் இதுநாள்வரை படுத்திருந்தது
எழுந்து வந்தது:
ஒரு ஙொய்.
கொசுவைவிட மெலிசு.
ஸ்பீக்கரில் காதை ஒட்டினால்தான் கேட்கும்.
நான் ஒட்டுகிறவன்.

கெப்பாசிட்டர் எட்டையும் மாற்றினேன்.
ஒயரை ஒயரோடு பின்னினேன்.
இன்புட்டுக்குத் தகரத்தில் ஒரு வீடு கட்டினேன்.
"சவுண்டைக் கூட்டி வைங்க சார், கேக்காது"
என்றார் ஷாஜகான் பாய்,
பாக்கிச் சில்லறையை எண்ணிக்கொண்டே.
"எனக்கு ஒண்ணும் கேக்கலையே"
என்றாள் மஞ்சரி. அதுவும் உண்மைதான்.

நோட்டில் குறிக்க ஆரம்பித்தேன்.
ராத்திரி பத்தேகாலுக்கு வருகிறது.
காலை ஐந்தரைக்குப் போகிறது.
ஞாயிறு மதியம் இரண்டு மணி நேரம்.
கிறிஸ்துமஸ் வாரம் முழுக்க இல்லை.

கிறிஸ்துமஸ் வாரம்
மேல்வீட்டு பிலோமினா டீச்சர்
தூத்துக்குடியில்.

மீடியம் வேவ் ரேடியோவைக் கையில் பிடித்துப்
படியேறினேன், பேயோட்டுகிறவன் மாதிரி.
ஹாலில் முனகியது.
படுக்கையறை ஸ்விட்ச் போர்டருகில் கத்தியது.
உருண்டைக் குமிழ் வைத்த
பழைய ஃபேன் ரெகுலேட்டர்.

"மாத்தித் தரேன் டீச்சர், காசு வேணாம்."
"காத்து வருமில்ல?"
"வரும்."

இருநூற்றுத் தொண்ணூறு ரூபாய், கால் மணி நேரம்.
ஒரு வருஷமாக நான் திருத்திக்கொண்டிருந்த பெட்டியில்
கடைசித் திருத்தம்
வேறொருவர் வீட்டுச் சுவரில்.

அன்று ராத்திரி எங்கள் ஃபேனையும் நிறுத்தி
வியர்வையோடு உட்கார்ந்தேன்.
நூறு தரம் கேட்ட கடம்தான்.
வாசித்தவர்
மோதிரத்தைக் கழற்றவில்லை என்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஒன்பதாம் நாள்,
பால் பாக்கெட்டோடு படியில் நின்றார் டீச்சர்.
கண்ணுக்குக் கீழே கறுப்பு.
"தப்பா எடுத்துக்காதீங்க.
மூணுல புழுக்கமா இருக்கு.
நாலு வச்சா மூட்டு வலிக்குது.
நடுவுல ஒரு காத்து இருந்துச்சே,
பழசுல,
அது எங்க போச்சு?"

கட்டம் கட்டமாகத் தாவும் ரெகுலேட்டர் அது.
நடுவில் எதுவும் கிடையாது.
என் பெட்டியில்
பதினெட்டுக்கும் பத்தொன்பதுக்கும் நடுவே
எத்தனை முறை நின்று மூச்சுவிட்டிருக்கிறேன்.

இப்போது அவர் வீட்டு ஸ்டூலின் மேல் நான்.
மெயினை அணைத்து,
மூன்றாம் கட்டத்துக்குப் பக்கத்தில்
சின்னதாக ஒரு கெப்பாசிட்டர் சேர்க்கிறேன்.
போடுகிறேன். ஃபேன் சுற்றுகிறது.
டீச்சர் கட்டிலில் கண்ணை மூடி
முகத்தை மேலே தூக்கியிருக்கிறார்.
அந்த முகத்தை எனக்குத் தெரியும்.

"இல்ல," என்கிறார்.
அணைக்கிறேன். வேறொன்று.

"இன்னும் ஒரு நூல்."